இரண்டு பின் பிளக்கும் பத்தொன்பது பெட்டிகளும்

எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு: தப்பு செய்தவனை மின்சாரம் தேடிக்கொண்டு வராது, தொட்டவனைத்தான் அடிக்கும்.

இதைப் படிப்பவர்களில் வீட்டு மிக்ஸியையோ ரேடியோவையோ பிரித்துப் பார்த்து, திரும்ப மூடியபோது இரண்டு ஸ்க்ரூ மிச்சமாகி, அவற்றை யாரும் பார்ப்பதற்குள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த ஸ்க்ரூ எங்கே இருந்திருக்க வேண்டும் என்ற கேள்வி உங்களை இரண்டு நாளாவது உறுத்தியிருக்கும். என்னை அது ஆறு வருஷம் கழித்துத்தான் உறுத்த ஆரம்பித்தது. இப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது. இன்னும் நிற்கவில்லை.

மூட்டையில் வந்தவை

புனேயில், கோர்படி கடைத்தெருவில் எனக்குக் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை. கடையை ஒட்டியே வீடு. தொண்ணூற்றாறு வாக்கில் அலுவலகங்கள் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்ட ஆரம்பித்தன. கோணி மூட்டைகளில் வந்து இறங்கும். மற்றதெல்லாம் செத்திருந்தாலும் பவர் சப்ளை மட்டும் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். எஸ்.எம்.பி.எஸ். என்போம். பெரிய ரொட்டிப் பாக்கெட் அளவில் ஒரு இரும்புப் பெட்டி. ஒரு பக்கம் வீட்டு மின்சாரம் இருநூற்று முப்பது வோல்ட் உள்ளே போகும். மறுபக்கம் பன்னிரண்டும் ஐந்தும் சாதுவாக வெளியே வரும். வீட்டில் உட்கார்ந்து ரேடியோ கட்டுகிறவர்களுக்கும் சின்ன மோட்டார் ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கும் வேண்டியது அதுதான்.

பெட்டியின் ஒயர் கொத்தை வெட்டி, முகப்பில் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று ஒயர் மாட்டுகிற மூன்று டெர்மினல் வைத்தேன். அந்தக் காலத்து எஸ்.எம்.பி.எஸ். வேலை கொடுக்காவிட்டால் ஓடாது. அதனால் உள்ளே ஒரு ஸ்கூட்டர் பல்பை எப்போதும் எரியும்படி கட்டினேன். சுவிட்ச்தான் தொல்லை. அது கம்ப்யூட்டரின் நெற்றியில் இருக்கும். வீட்டு மின்சாரம் ஒரு தடித்த ஒயரில் அதுவரை போய்த் திரும்பும். செய்த கம்பெனிக்காரன் அந்த ஒயரை, இரும்பு விளிம்பு உரசாதபடி ரப்பர் புஷ் போட்ட ஓட்டை வழியாகத்தான் வெளியே விட்டிருந்தான். எனக்கு அழகு போதவில்லை. பக்கவாட்டில் டிரில்லால் புதிதாக ஒரு ஓட்டை போட்டு, ஒயரை அதன் வழியே இழுத்து, சுவிட்சை மேல்மூடியில் பொருத்தினேன். என் ஓட்டையில் ரப்பர் புஷ் கிடையாது. வெறும் இரும்பு விளிம்பு. இந்த ஓட்டையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் பெட்டியை வாங்கியவன் கார்த்தி. கோயம்புத்தூர்ப் பையன், இங்கே இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். ஊருக்குள் ஒரு பழைய கட்டடத்தில் நான்கு பேரோடு ஒரு அறை. வாங்கிப் போனவன் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தான். பிளக் நுழையவில்லை. மூன்றாவது பின் எர்த்துக்கானது, உயிர் காக்கிற பின் அது என்று அவனுக்கு விளக்கினேன். விளக்கிக்கொண்டே அந்த ஒயரைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு பின் பிளக் வைத்த ஒயரை மாட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு செய்த எல்லாப் பெட்டிக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. எந்த வீட்டிலும் நுழையும் என்று சொல்லியே விற்றேன். என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி ஏன் என்று கேட்டால், அன்று கார்த்தி சொன்னதைத்தான் திரும்பச் சொல்ல வேண்டும்: “நம்ம ரூம்ல ரெண்டு ஓட்டைதானுங்ணா. மூணாவது ஓட்டை வேணும்னு அவுஸ் ஓனர்கிட்டப் போய் நின்னா, அந்தாளு மொதல்ல என்னைய வெளிய அனுப்பிருவான்.”

ஹவில்தாரின் டார்ச்

இரண்டாவது பெட்டி ஹவில்தார் முருகேசனுக்குப் போனது. தருமபுரிக்காரர், பக்கத்தில் ராணுவப் பட்டறை ஒன்றில் ரேடியோ மெக்கானிக். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், அதனால் என்னைப் பார்த்தால் அவர் முதுகு தானாக நிமிரும். அவர் சொல்லித்தான் அடுத்த இரண்டு வருஷத்தில் கோர்படி ராணுவக் குடியிருப்பிலும் ரயில்வே காலனியிலும் இருந்து ஏழு பேர் என்னிடம் பெட்டி வாங்கினார்கள். பிறகு அவருக்கு வடக்கே மாற்றலாகிவிட்டது.

அவர் வந்த முதல் நாளைச் சொல்கிறேன். சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, பெட்டியை ஓட்டச் சொல்லி, சொந்த மீட்டரை எடுத்து வைத்து அளந்தார். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பையிலிருந்து சின்ன டார்ச் ஒன்றை எடுத்துப் பக்கவாட்டு ஓட்டைக்குள் அடித்து வெகுநேரம் பார்த்தார். ஒயரை விரல் நுனியால் தடவினார். இவ்வளவு அக்கறையாக யாரும் என் வேலையைப் பார்த்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குள் குரல் கொடுத்து டீ போடச் சொன்னேன். பல்பு வைத்த தந்திரம், ஓட்டை போட்ட அழகு, எந்தச் சாக்கெட்டிலும் நுழையும் பிளக் என்று பத்து நிமிஷம் நான் மட்டுமே பேசினேன். எப்படி இருக்கிறது என்று கடைசியாகத்தான் கேட்டேன். அவர் டார்ச்சை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “உங்க கைவேலை சார், நான் என்ன சொல்றது?”

செருப்பு வைத்தியம்

வங்கி அதிகாரி ராகவன் ஒரு பெட்டி வாங்கிப்போய், கழற்றிப் போட்ட கார் ஸ்டீரியோ ஒன்றை அதில் இணைத்துச் சமையலறை அலமாரியில் வைத்திருந்தார். ஒரு வாரத்தில் வந்தார். தொட்டால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். எனக்குக் காரணம் தெரியும். எர்த் இல்லாத பெட்டியில் மின்சாரம் கொஞ்சம் கசியும். அது எச்சரிக்கை மாதிரி. வேறு ஒருவன் என்றால் பெட்டியை வாங்கி மூன்று பின் ஒயர் போட்டுக் கொடுத்திருப்பான். நான், “செருப்பு போட்டுண்டு தொடுங்கோ சார், ஒண்ணும் ஆகாது,” என்று அவர் பாஷையிலேயே சிரித்துக்கொண்டு சொல்லி அனுப்பினேன்.

இந்த வைத்தியத்தை நீங்களும் யாருக்காவது சொல்லியிருப்பீர்கள். உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் அவர் மனைவியைப் பார்த்தேன். வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டு, சுற்றிலும் இருந்த தமிழ்க்காரர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “இவர் பழைய ஹிந்திப் பாட்டு கேக்கறதுக்காக நான் காலில செருப்பைப் போட்டுண்டு தளிகை பண்றேன், பெருமாள் கேட்டா உங்க பேரைச் சொல்லிடட்டுமா?”

ஜோஷி சாரின் கட்டு

கடைசிப் பெட்டி விற்று மூன்று வருஷம் இருக்கும். கடையில் இப்போது புதுக் கம்ப்யூட்டர் வேலையே அதிகம். ஒரு நாள் காலை ஜோஷி சார் வந்தார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவர். வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. இடது கையில் துணிப்பை. பைக்குள் என் பெட்டி. அவர் கோபமாக இல்லை. அதுதான் எனக்கு முதல் பயம்.

மயில்துத்தக் கரைசலில் ஒரு சாவிக்குத் தாமிர முலாம் ஏற்றுகிற சோதனையாம். ஈரக் கையால் கறுப்பு டெர்மினலைத் தொட்டிருக்கிறார். இடது கை தண்ணீர்க் குழாயில் இருந்திருக்கிறது. தூக்கி எறியப்பட்டு, மேஜை விளிம்பில் கை அடித்து எலும்பு முறிந்துவிட்டது. நான் அவர் எதிரிலேயே பெட்டியைத் திறந்தேன். உள்ளே காற்றாடி மூன்று வருஷமாக ஓடிய அதிர்வில், நான் போட்ட ஓட்டையின் விளிம்பு அரம் மாதிரி ஒயரை அறுத்திருந்தது. பழுப்பு ஒயரின் மேல்தோல் போய், தாமிரம் பளபளவென்று இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கறுப்பு டெர்மினல் உள்ளே அந்த இரும்போடு சேர்ந்ததுதான். மூன்றாவது பின் இருந்திருந்தால் ஃப்யூஸ் போயிருக்கும், மனிதர் விழுந்திருக்க மாட்டார். ஒரு ரப்பர் புஷ் இருந்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. நான் ஓட்டை போட்ட அன்று கடையில் டப்பா நிறைய ரப்பர் புஷ் இருந்தது.

மன்னிப்புக் கேட்க எனக்கு மராத்தி வரவில்லை, ஹிந்தி வரவில்லை, தமிழும் வரவில்லை. டாக்டர் செலவை நான் ஏற்கிறேன் என்று என்னவோ உளறினேன். அவர் இடது கையைக் கொஞ்சம் தூக்கி என் பேச்சை நிறுத்தினார். பிறகு பாடம் நடத்துகிற அதே நிதானமான குரலில் மராத்தியில் சொன்னார்: “அது கிடக்கட்டும் அண்ணா, போன வருஷம் வரைக்கும் இந்தச் சோதனையை நான் பிள்ளைகளைத்தான் செய்யச் சொல்வேன்.”

காலண்டரின் பின்பக்கம்

மொத்தம் பத்தொன்பது பெட்டி. மூடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணும் என் பெயரும் மார்க்கர் பேனாவில் பெருமையாக எழுதியிருந்ததால் எண்ணிக்கை மறக்கவில்லை. ஜோஷி சாருடையது திரும்பிவிட்டது. மீதிப் பதினெட்டும் ஊரில் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு இரும்பு விளிம்பு ஒரு ஒயரை அறுத்துக்கொண்டிருந்தது. அடுத்த கை யாருடையது என்று எனக்குத் தெரியாது. யாரிடம் விற்றேன் என்றும் எழுதி வைக்கவில்லை. என் மனைவி விமலாதான் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு எழுத உட்கார்ந்தாள். அவளுக்கு ஆட்கள் ஞாபகம் இருந்தது அவர்கள் குடித்த டீயை வைத்து. சர்க்கரை இல்லாமல் ஒருவர், இஞ்சி தட்டிப் போடச் சொன்ன ஒருவர், டீயே வேண்டாம் என்று இரண்டு பிஸ்கட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவர். மத்தியானத்துக்குள் பதினேழு பேர் தாளில் வந்துவிட்டார்கள். பதினெட்டாவது முருகேசன். வடக்கே எங்கோ இருந்தார்.

ஒவ்வொரு பெட்டிக்கும் பதிலாக ஒரு புதுப் பெட்டி கொடுப்பது என்று முடிவு செய்தேன். இப்போது வந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸில் பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்த்தாலே ஓடும். வீட்டு மின்சாரம் சுவிட்சைத் தேடி வெளியே வரத் தேவையில்லை. மூன்று பின் ஒயரைக் கழற்றவில்லை. ராத்திரி பகல் பார்க்காமல் செய்தேன். பட்டியலை முடித்துப் பேனாவை மூடிய விமலா கேட்டாள்: “ஏங்க, கதவத் தட்டி என்னன்னு சொல்லப் போறீங்க, ‘நான் வித்தது உங்களக் கொன்னாலும் கொன்னுடும், புதுசு ஒண்ணு கொண்டாந்திருக்கேன், டீ இருக்கா?’ன்னா?”

மேல் ஓட்டையில் பேனா

கார்த்தி இப்போது சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய வேலையில் இருந்தான். மகர்பட்டாவில் ஒன்பதாவது மாடியில் வீடு. நான் கதவைத் தட்டியபோது என் முதல் பெட்டி ஹாலில், பூஜை மாடத்துக்குப் பக்கத்தில், நடுநாயகமாக இருந்தது. கஷ்டப்பட்ட காலத்துச் சாட்சி என்று வைத்திருக்கிறானாம். விஷயத்தைச் சொன்னேன். ஜோஷி சார் கையைச் சொன்னேன். சிரித்தான். ராகவனைச் செருப்பு போடச் சொல்லி அனுப்பியபோது நான் சிரித்த அதே சிரிப்பு.

இந்த வீட்டில் எல்லாச் சாக்கெட்டும் மூன்று ஓட்டை. எர்த் பின் போனால்தான் கீழே இரண்டு ஓட்டையும் திறக்கும், குழந்தைகள் விரல் விடாமல் இருக்க அப்படி ஒரு கதவு. என் இரண்டு பின் பிளக் நுழையாது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் அவன் சட்டைப்பையிலிருந்து பால்பாயின்ட் பேனாவை எடுத்து எர்த் ஓட்டைக்குள் சொருகி நெம்பி, மறுகையால் பிளக்கைச் செருகினான். காற்றாடி சுற்றியது. நான் கத்தியதில் அவன் மாமியார் சமையலறையிலிருந்து ஓடி வந்தார். உயிர் காக்கும் பின் வேண்டாம் என்று நானே கழற்றினேன்; அந்தப் பின் போக வேண்டிய ஓட்டையில் அவன் பேனாவைச் சொருகுகிறான். பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு புதியதை அவன் கையில் திணித்துவிட்டு வந்தேன். லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்து சமாதானம் சொன்னான்: “பயப்படாதீங்ணா, எங்க ஆபீஸ்ல ஆயிரம் பேரும் பேனாலதானுங்ணா போன் சார்ஜ் பண்றோம்.”

அசுரனின் கை

பதின்மூன்றாம் எண் பெட்டி ஒரு விநாயகர் மண்டலிடம் இருந்தது. மண்டல் என்றால் விழாக் குழு, புனேயில் தெருவுக்கு ஒன்று; வருஷா வருஷம் பந்தல் போட்டு, அசைகிற பொம்மைகளை வைத்துப் புராணக் காட்சி காட்டுவார்கள். பொம்மையின் கையைத் தூக்குவது, தலையை ஆட்டுவது எல்லாம் லாரி வைப்பர் மோட்டார். அதற்குப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும். தலைவர் ஷிண்டே அதற்குத்தான் என்னிடம் வாங்கியிருந்தார். பட்டியலில் இதை மட்டும் நான் சீக்கிரம் பார்த்திருக்க வேண்டும். பெட்டி வருஷத்தில் பதினோரு மாதம் பரணில் தூங்கும் என்று கடைசிக்குத் தள்ளியிருந்தேன்.

நான் போனபோது விழா ஆரம்பித்துவிட்டது. பிற்பகல், மழை அப்போதுதான் விட்டிருந்தது. தகரக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேடை முழுக்க இரும்புக் குழாய். என் பெட்டியைக் கட்டுக்கம்பியால் ஒரு குழாயோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்தக் குழாய்தான் அப்படியே நீண்டு, ஜனங்கள் வரிசையில் நிற்பதற்கான தடுப்பாக ஓடியது. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றபடி முப்பது நாற்பது பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இடுப்புக் குழந்தையை அதன் மேல் உட்கார வைத்திருந்தாள்.

மேடைக்குப் பின்னால் ஓடி மெயின் சுவிட்சை இறக்கினேன். பாட்டு நின்றது, விளக்கு அணைந்தது, தெருவே என்னைப் பார்த்துத் திரும்பியது. கட்டுக்கம்பியை அறுத்துப் பெட்டியைத் திறந்தேன். மோட்டார்களின் குலுக்கலில் ஒயரில் தோல் ஒரு நூல் அளவுதான் மிச்சம் இருந்தது. ஒரே ஒரு நூல். மண்ணில் ஒரு கம்பி அடித்து எர்த் கொடுத்து, புதுப் பெட்டியை இணைக்க ஒரு மணி நேரமாவது வேண்டும் என்று ஷிண்டேயிடம் சொன்னேன். ‘காஹி ஹோத் நாஹி’, ஒன்றும் ஆகாது என்று இந்த ஊரில் சொல்வதைத்தான் அவர் முதலில் சொன்னார். அந்த நூலைக் காட்டினேன். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார், குழாயின் மேல் உட்கார்ந்திருந்த குழந்தையைப் பார்த்தார். பிறகு மேடையைக் காட்டிச் சொன்னார்: “சரி அண்ணா, செய். ஆனா அசுரன் தேவியை அடிக்கக் கை ஓங்கின மேனிக்கே நிக்கறான், அதை மட்டும் முதல்ல கையால இறக்கி விட்டுடு. பாக்கறவங்க என்னைத் திட்டுவாங்க.”

சைக்கிள் ட்யூப்

மண்டலுக்கு முன்பே மற்றவை ஒவ்வொன்றாகச் சேர்ந்திருந்தன. இரண்டு எப்போதோ எரிந்து மூலையில் கிடந்தன. ஒன்று பழைய சாமான் விற்கும் ஜூனா பஜாரில், துணி விரித்த ஒரு கடையில் என் பெயர் போட்ட மூடியோடு எனக்கே விற்கப்பட்டது. ராகவன் வீட்டில் புதுப் பெட்டியைக் கொடுத்ததும் மாமி செருப்பை என் கண் முன்னாலேயே வாசலுக்கு வீசினார். எல்லாவற்றையும் கடையில் வரிசையாக வைத்துத் திறந்தேன். எத்தனை பேரைக் கொல்ல இருந்தேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஒரு வெறி.

ஏழு பெட்டியில் ஒயருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஓட்டையின் விளிம்பைச் சுற்றிச் சைக்கிள் ட்யூபைத் துண்டாக வெட்டி வைத்து, மெழுகு தடவிய நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தது. ரப்பர் புஷ்ஷைவிட உறுதி. எனக்குச் செய்த ஞாபகமே இல்லை. ஆனால் என் பெட்டி, என் ஓட்டை. வேறு யார் செய்திருப்பார்கள்? நல்ல புத்தி வந்த சில நாட்களில் நானே செய்திருக்கிறேன் என்று முடிவு கட்டினேன். அந்த ஏழும் கோர்படியிலேயே குடியிருந்தவர்களுக்கு விற்றவை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டதை நம்பினேன். ஒரு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டேன், தூங்கினேன். நான் அவ்வளவு மோசமில்லை என்று விமலாவிடம் அந்தத் தையலைக் காட்டிப் பெருமைப்பட்டேன். அவள் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “சட்டைப் பொத்தான் போனா ஆறு மாசம் ஊக்கு குத்திக்கிட்டுத் திரியற ஆளு, இதத் தச்சீங்களா?”

ஹிஞ்சேவாடி கேட்

பதினெட்டு வந்து சேர்ந்துவிட்டது. ஒன்று பாக்கி. இரண்டு வருஷம் அது என் பின்மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. முருகேசன் ஓய்வுபெற்றுத் திரும்பிவிட்டார், ஹிஞ்சேவாடியில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருக்கிறார் என்று ரயில்வே காலனியில் ஒருவர் சொன்னார். புதுப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, கம்பெனிக் கார்களின் நெரிசலில் ஊர்ந்து போய் இறங்கினேன். சீருடையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முதுகு நிமிர்ந்தது. தலை நரைத்திருந்தது.

“முருகேசன், அந்தப் பெட்டி இன்னும் இருக்கா? உடனே நிறுத்துங்க. அதுல ஒரு தப்பு இருக்கு,” என்றேன் மூச்சு வாங்க. அவர் என்னைக் கேபினுக்குள் அழைத்துப்போய் உட்கார வைத்தார். மேஜைக்கு அடியில் என் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. வயர்லெஸ் செட் ஒன்று அதில் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பார்த்தேன். மூன்று பின். பக்கவாட்டு ஓட்டையைப் பார்த்தேன். சைக்கிள் ட்யூப், மெழுகு நூல், அதே தையல்.

நிமிர்ந்து அவரைக் கேட்டேன்: “அந்த ஏழு பேரோடதும் நீங்கதானா?”

“வாங்கினதும் நேரா என்கிட்டதான் கொண்டாரணும்னு சொல்லியிருந்தேன் சார். ஒண்ணுக்கு அரை மணி நேரம். பிளக்க மட்டும் தொடல, அவங்க குவார்ட்டர்ஸ்ல மூணாவது ஓட்டை இல்ல.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“மொத நாளே தெரியும் சார். டார்ச் அடிச்சுப் பாத்தேனே.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“பட்டாளத்துல மேல இருக்கறவரு தப்பு பண்ணா சொல்றதில்ல சார். சத்தம் போடாம சரி பண்ணிடுவோம்.”

“நான் உங்களுக்கு மேலதிகாரியா?”

“வயசுல பெரியவரு இல்லீங்களா?”

ஜோஷி சாரைச் சொன்னேன். முறிந்த கையை, பள்ளிக்கூடப் பிள்ளைகளை, இரும்புக் குழாய் மேல் உட்கார்ந்திருந்த குழந்தையைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. “வெளியாளுங்களுக்கும் வித்தீங்களா சார்? எங்காளுங்க மட்டும்தான் வாங்கறாங்கன்னு இருந்துட்டேனே,” என்றார். கேட்டில் கார்கள் ஹார்ன் அடித்தன. கட்டையைத் தூக்க வேண்டியவர் அப்படியே நின்றார். அன்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அதற்குப் பிறகு நான் வெளியாட்களுக்கு விற்ற பத்துப் பெட்டி, ஜோஷி சாருடையது உட்பட, அப்படி வெளியே போயிருக்காது. இந்தக் கணக்கு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அவர் மேல் கோபப்பட முயன்றேன். ஒரு வார்த்தை சொல்லக்கூட இடம் கொடுக்காமல் பத்து நிமிஷம் பேசியவன் யார் என்று நினைத்ததும் அது வரவில்லை.

கொண்டுபோன புதுப் பெட்டியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. எழுந்து கிளம்பும்போது ஒன்று மட்டும் கேட்டேன்: சொன்னால் நான் கோபித்துக்கொள்வேன் என்று பயந்தீர்களா? முருகேசன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “கோபமா? அதெல்லாம் இல்ல சார். அன்னிக்கு நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க.”

பத்தொன்பதில் பதினெட்டைத் திரும்ப வாங்கி உடைத்துப் போட்டுவிட்டேன். தைரியமாக வெளியே விட்டுவைத்திருக்கும் அந்த ஒன்றின் மூடியில் என் பெயர்தான் இருக்கிறது, உள்ளே மட்டும் வேறொருவர் வேலை.